பனிக்காலத்துப் பிள்ளை

தை கடைசியில் பிறக்க வேண்டிய என் மகள் கார்த்திகை நடுவிலேயே பிறந்துவிட்டாள். பிறந்தபோது ஒரு பெரிய கத்தரிக்காய் அளவுக்குத்தான் இருந்தாள் என்று என் கணவர் இப்போதும் எல்லோரிடமும் சொல்லுவார். எனக்கு அந்த ஒப்புமை பிடிக்காது. ஆனால் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அவள் தோல் அவளுக்கே தொளதொளவென்று இருந்தது. நகம் முளைத்து முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டேன். வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போவேன்.

மார்கழி இரண்டாவது வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு இன்னும் சில நாள் அங்கேயே இருந்துவிடலாம் என்று இருந்தது. மருத்துவமனையில் கருவி இருந்தது, எந்நேரமும் கூப்பிட்டால் வர ஆள் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? முன்பக்கம் ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் ஷீட் போட்ட சமையல்கட்டு. மார்கழியில் அந்த ஷீட்டின் விளிம்பிலிருந்து மழை பெய்ததைப் போலப் பனி சொட்டும். ஏரித் தண்ணீரிலிருந்தும் வயலிலிருந்தும் எழும் மூட்டம் விடிகிற நேரத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். நம் ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மார்கழியைக் கடந்து பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளையை எந்நேரமும் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர் சொன்ன ஒரே பாடம். அதற்குத் துணியோ கம்பளியோ போதாது, உடம்புச் சூடுதான் வேண்டும் என்றார். பிள்ளைக்குத் தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் தவளைபோலப் படுக்கவைத்து, மேலே துணி சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் நாங்கள் ஒரு வரிசைப் பெண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். பாதத்தைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வயிறு சூடாக இருந்து பாதம் ஜில்லென்று இருந்தால் பிள்ளைக்குக் குளிர் ஏறுகிறது என்று அர்த்தம். அதைக் கற்றுக்கொண்டது முதல் என் கை அந்தப் பாதத்தை விட்டு நகரவில்லை.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். எனக்கு அம்மா இல்லை. அப்பாவும் தம்பியும் தாம்பரத்தில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அதனால் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். மாமியார் நல்லவர். ஆனால் அவருக்குப் பிள்ளை வளர்ப்பு என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, காலில் போட்டு நீவுவது. மூன்றும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை மாமியாரிடம் நான் சொன்ன அன்று அவர் சாம்பிராணி டப்பாவை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் என்னிடம் அளந்து அளந்துதான் பேசினார்.

அந்த வீட்டில் பேசாமல் இருப்பது ஒன்றும் புதிதில்லை. என் மாமனாரும் மாமியாரும் பல வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. என் கணவர் பத்தாவது படித்தபோது மாமியார் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் அவர் கன்றிலிருந்து வளர்த்த பசு கட்டுத்தறியில் இல்லை. மாமனார் ஒரு வார்த்தை கேட்காமல் அதை விற்றுவிட்டார். அன்றைக்கு நின்றது பேச்சு. மாமனார் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வயலில் இருந்த பம்புசெட் அறைக்குப் போய்விட்டார். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார். மாமியார் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் துணியைத் துவைப்பார், பாயை உதறிப் போடுவார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார். வார்த்தை மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதையெல்லாம் என் கணவரிடம் சொல்லுவார்கள். நான் வந்த பிறகு என்னிடம் சொன்னார்கள். "அந்த ஆளாண்ட சொல்லும்மா, மோட்டாரு சத்தம் வேற மாரி கீதுன்னு." அந்த ஆள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நானும் திரும்பி அவரிடம் சொல்லுவேன். முதல் மாதம் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

மாமனார் பீடி பிடிப்பார். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க வந்தபோது, பெரியவரே, புகை பிடிக்கிறவர் இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வரக் கூடாது, சட்டையில் இருக்கிற வாடைகூட ஆகாது என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லிவிட்டார். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றார். நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அறைக்குள் காலை வைக்கவில்லை. வாசற்படியில் நின்று, தூங்குதா என்று கேட்பார். ஆமாம் மாமா என்பேன். போய்விடுவார். பாவமாக இருந்தது. ஆனால் அவர் வராமல் இருப்பதே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த நாட்களில் பிள்ளைப் பக்கம் வந்த யாரையும் நான் முழுதாக நம்பவில்லை.

என்னையே நம்பவில்லை. தூக்கம் வந்தால் பயம், தூங்கும்போது பிள்ளை நழுவிவிட்டால்? இருமல் வந்தால் பயம், குலுங்கிவிட்டால்? அவள் மூக்குக்குக் கீழே என் விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்ப்பேன். மூச்சு அவ்வளவு மெல்லியது. சில நேரம் விரலுக்குத் தெரியாது. அந்த ஒரு கணத்தில் என் உடம்பு முழுக்கக் கல்லாகும். பிறகு அவள் மூக்கைச் சுளிப்பாள். என் கணவர் ஒருநாள், இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் நீ பைத்தியமாகிவிடுவாய் என்றார். அவர் மட்டும் என்னவாம்? தொழிற்சாலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்த உடனே பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

மார்கழி முடியப்போகிற நேரம். அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட். இருட்டு விலகுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். அன்று அவர் கிளம்பிப் போனபோதே என் இடது மார்பு கனத்திருந்தது. பால் கட்டியிருக்கும், சரியாகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குளிர் எடுத்தது. பற்கள் அடித்துக்கொண்டன. பிறகு உடம்பு நெருப்பாகக் கொதித்து வேர்வை ஊற்றியது. பிள்ளையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியும் ஈரமாகிவிட்டது. மாற்றிக் கட்டினேன், அதுவும் நனைந்தது. கட்டிலுக்கு மேலே நாங்கள் இரவும் பகலும் எரியவிட்டிருந்த பெரிய குண்டு பல்பு அப்போது பார்த்து அணைந்தது. மின்சாரம் போய்விட்டது.

பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

மாமியாரைக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. அவர் அரிக்கன் விளக்கோடு ஓடிவந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வாங்கி, ரவிக்கையை அவிழ்த்து, தன் மார்பில் போட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு நான்கைந்து நாளாகச் சளியும் இருமலும். வாயில் துணி கட்டித்தான் அறைக்குள் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு இருமலுக்கும் பிள்ளை தூக்கிப் போட்டுக் கையைக் காலை விரித்தது. இருமலை அடக்கப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அடக்க முடியவில்லை.

என் கணவருக்குப் போன் போட்டேன். வேலை செய்யும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிராம நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் உடனே எடுத்தார். நான் அழுதுகொண்டே சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிள்ளை நிறம் மாறியிருக்கிறதா, பால் குடிக்கிறதா என்று கேட்டார். நிறம் மாறவில்லை, சப்புகிறாள் என்றேன். நிறம் மாறினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, இல்லையென்றால் முதலில் பிள்ளையைச் சூடாக்கு, இந்த மூட்டத்தில் ஈரத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் அலைவது அதைவிட ஆபத்து, வெளிச்சம் வந்ததும் இரண்டு பேரும் மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். பிறகு, "வூட்ல வேற யாரு கீறாங்கம்மா? நோயில்லாத ஒடம்பு யாருதா இருந்தாலும் சரி, ஆம்பளயா இருந்தாலும் சரி" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமியாருக்கும் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன்.

"மாமா பீடி பிடிக்கிறவராச்சே" என்றேன்.

மாமியார் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "அந்த ஆளு பீடிய உட்டாச்சு. மார்கழி பொறந்ததுலேர்ந்து தொடல."

"உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"துணி தோய்க்கிறவ நானு. ஜோப்புல ஒரு தூளு இல்ல. வாடையும் இல்ல. எனக்குத் தெரியாதா?"

மறுவார்த்தை பேச எனக்கு நேரம் தரவில்லை. உலர்ந்த துணியில் பிள்ளையைச் சுற்றி என் பக்கத்தில் கிடத்தி, கம்பளியால் மூடிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். வெளியே வெள்ளையாக நின்றது பனி. மாட்டுக் கொட்டகைகூடத் தெரியவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு அதற்குள் இறங்கிப் போனார். வயல் வரப்பு, வாய்க்கால், அதைத் தாண்டி பம்புசெட். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நான் பிள்ளையின் பாதத்தை என் உள்ளங்கைக்குள் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். வரப்பில் வழுக்கி விழுந்திருப்பாரோ என்று ஒரு பயம். அவர் எப்படிக் கூப்பிடுவார்? கதவைத் தட்டிவிட்டு நின்றுகொண்டிருப்பாரோ? அப்படிக்கூட யோசித்தேன். அன்று அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சொல்லவில்லை. மாமியார் முதலில் உள்ளே வந்தார். பத்தடி பின்னால் மாமனார் வந்தார். முழங்கால்வரை சேறு.

மாமியார் அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தார். மாமனார் சோப்பு போட்டுக் கழுத்து, நெஞ்சு, கையெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார். நெல் மூட்டையை ஒரே தம்மில் தூக்கி வண்டியில் போடுகிறவர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனுக்கு வாணாம்மா" என்றார். "என் கை மொரடு. எங்கியாவது புடிச்சி இன்னாவது ஆயிடப் போவுது."

"கை வேணாம் மாமா, நெஞ்சு மட்டும் போதும். உட்காருங்க" என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மாமியார் பிள்ளையைப் பிரித்து அவருடைய நரைத்த மார்பில் தவளைபோல வைத்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு அழுந்தாமல் பார்த்து, தன்னுடைய பழைய நூல் புடவையை அவர் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினார். முடிச்சுப் போட அவர் தோளுக்கு மேலே குனிய வேண்டியிருந்தது. மாமனார் மூச்சை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு பயத்தில் பெரிது பெரிதாக மூச்சு விட ஆரம்பித்தார், பிள்ளை மேலும் கீழும் போனது.

"மூச்ச மெதுவா உடு" என்றார் மாமியார். "அதுக்குத் தூக்கித் தூக்கிப் போடுது."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அவரிடம் சொன்னார்.

"சரி" என்றார் அவர்.

எனக்குக் காய்ச்சலில் கேட்டதா, நிஜமாகத்தான் சொன்னார்களா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் அதைப் பற்றி நினைக்கவும் தெம்பில்லை. மாமியார் என் பக்கம் வந்துவிட்டார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கல்லாகக் கிடந்த மார்பில் ஒற்றி ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை இறக்கினார். உயிர் போகிற வலி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வந்த பாலைப் பாலாடைச் சங்கில் பிடித்து, மாமனார் நெஞ்சில் கிடந்த பிள்ளையின் உதட்டோரத்தில் துளித் துளியாக விட்டார். பாதி அவள் வாய்க்குள் போனது. மீதி அவர் நெஞ்சு முடிக்குள் வழிந்தது. அவர் அசையவே இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், பாதம் எப்படி இருக்கிறது, பாதம் எப்படி இருக்கிறது என்று. மாமியார் தொட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்பார். கொஞ்சம் கழித்து, இன்னும் இல்லை. ஜன்னல் வெள்ளையாகவே இருந்தது. சாலையில் போகிற லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. உடம்பு தூக்கத்துக்கு இழுத்தது. நான் கண்ணை மூடினால் அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று பிடிவாதமாகத் திறந்தே வைத்திருந்தேன்.

பிறகு மாமியார், "தோ, சூடு ஏறுது" என்றார். நான் நம்பவில்லை. கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்துபோய் நானே தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு பாதமும்.

அப்போதுதான் மாமனாரின் முகத்தைக் கவனித்தேன். நெற்றியெல்லாம் வேர்த்து, தாடை இறுகி, கண் ஒரு மாதிரியாக இருந்தது. அடுத்து இவருக்கு ஏதோ ஆகிறது என்று எனக்குத் திக்கென்றது. மாமா, என்ன பண்ணுது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "வெளிய போய்ட்டு வரணும்மா. எயுந்ததுலேர்ந்து போவல" என்றார்.

மாமியார்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, வாயில் கட்டிய துணியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மார்பு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தேன். சிரித்தால் நெஞ்சு குலுங்கும் என்று மாமனார் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிலைபோல இருந்தார். கண் மட்டும் சிரித்தது. அவ்வளவு பயத்துக்கு நடுவில் அப்படி ஒரு சந்தோஷம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பிள்ளை பிறந்த அன்றுகூட எனக்கு அது வரவில்லை.

வெயில் வந்ததும் ஆட்டோவில் போனோம். மாமனார் வெளியே போய்விட்டு வந்து, மறுபடி கை கழுவி, மறுபடி பிள்ளையைக் கட்டிக்கொண்டு மேலே போர்வை போர்த்தி வந்தார். மருத்துவமனையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையைச் சோதித்த மருத்துவர் நன்றாக இருக்கிறாள் என்றார். எனக்குப் பால் கட்டிச் சீழ் வைக்கிற நிலைக்குப் போயிருந்தது. ஊசியும் மாத்திரையும் கொடுத்து, பால் கொடுப்பதை நிறுத்தாதே என்று சொல்லி மாலையில் அனுப்பினார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். வீடு திரும்பியபோது என் கணவர் வாசலில் நின்றிருந்தார். போனில் என் அழைப்புகளைப் பார்த்து அரண்டு, திரும்பக் கூப்பிட்டு யாரும் எடுக்காமல், பஸ் நிற்குமிடத்திலிருந்து ஓடிவந்திருந்தார். என் போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். பயமெல்லாம் கோபமாகி எல்லோர் மேலும் பாய்ந்தது. கம்பெனி அலுவலக நம்பருக்கு ஏன் அடிக்கவில்லை என்று என்னைக் கத்தினார். அம்மாவைக் கத்தினார். "இன்னா நைனா, நீயாவது ஒரு போன் போட்ருக்கலாம் இல்ல" என்று அப்பாவைக் கத்தினார். தன் போனில் காசு போட்டு மூன்று மாதமாகிறது என்று மாமனார் சொன்னார். மாமியார் என் பக்கம் திரும்பி, "அந்த ஆள சோறு துண்ண சொல்லும்மா. காலையிலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல" என்றார். அப்புறமாகத் தின்கிறேன் என்று சொல் என மாமனார் என்னிடம் சொன்னார்.

நான் இரண்டு பேரையும் பார்த்தேன். காலையில் நேராகப் பேசிய இரண்டு வார்த்தை எங்கே போயிற்று? கேட்கவில்லை. சொன்னதை வாங்கி அவரிடம் சொன்னேன். அவர் சொன்னதை வாங்கி இவரிடம் சொன்னேன்.

மறுநாள் வெள்ளி முளைத்தபோது அறை வாசலில் ஆள் நிற்கிற அரவம் கேட்டது. மாமனார் குளித்து, தலையைத் துவட்டி, வெறும் உடம்போடு துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். "நீ கொஞ்சம் தூங்கும்மா, நான் வச்சிக்கிறேன்" என்றார். அந்தப் பனிக்காலம் முழுக்க விடிகாலை அவருடைய முறையானது. மாமியார் எழுந்து வந்து புடவையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். அந்த நேரத்தில்தான் நான் பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாக ஆழ்ந்து தூங்கினேன். முதலில் சில நாள், தூங்குவதைப்போலப் படுத்துக்கொண்டு கண்ணை லேசாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் இல்லை.

தை முடியப்போகிற நேரத்தில் ஒரு நாள் அங்கன்வாடியில் எடை போடப் போனோம். நானும் பிள்ளையும் மட்டும் போயிருந்தால் போதும். என் கணவர் லீவு போட்டார். மாமியாருக்கு அந்தப் பக்கம் கீரை பறிக்கிற வேலை இருந்தது. மாமனார் உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றிருந்தார். தராசில் பிள்ளையைக் கிடத்தியபோது நான்கு பேரும் குனிந்து முள்ளைப் பார்த்ததில் நர்ஸம்மாவுக்கு வெளிச்சம் மறைந்தது, தள்ளி நிற்கச் சொன்னார். முள் இரண்டரையைத் தாண்டி நின்றது. பிள்ளை தேறிவிட்டது என்று நர்ஸம்மா சொன்னார். தாண்டியது துணியின் எடை என்றார் மாமியார், கண் பட்டுவிடாதபடிக்கு. துணி அவ்வளவு கனம் இருக்காது என்று என்னிடம் சொன்னார் மாமனார். என் கணவர் மறுபடி ஒருதரம் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை தடுப்பூசி என்றார் நர்ஸம்மா. ஊசி போட்டால் காய்ச்சல் வருமா, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று நான் கேட்க ஆரம்பித்தேன்.